கிராணியின் சைக்கிளும் மரவீட்டுப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களை எதிர்க்கச் சொல்லிக்கொடுக்கும் கார்ட்டூன்களை வீட்டில் விடவே கூடாது என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்காட்டியது ‘கோட்நேம்: கிட்ஸ் நெக்ஸ்ட் டோர்’ தொடரை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. எனக்கும் எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆனாலும் அந்தத் தொடருக்காக நாலு வார்த்தை பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாம் வார்பர்ட்டன் உருவாக்கிய அந்தத் தொடர் 2002 டிசம்பரில் தொடங்கி 2008 ஜனவரி வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர். தங்குவதற்கு ஒரு மரவீடு, பெயருக்குப் பதிலாக ஆளுக்கோர் எண், தலைமைத் தளம் நிலவில். அவர்கள் மோதுவது பெரியவர்களோடு: மூக்குமுட்ட உணவைத் திணிக்கும் பாட்டி, பல்லைக் காப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்தும் ஒருவன், பிள்ளைகளின் பின்புறத்தில் அடிப்பதையே தொழிலாகக் கொண்டு அலையும் ஒரு ரத்தக்காட்டேரி.

அப்போது நாங்கள் செந்தூலில் நான்காம் மாடி பிளாட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி கிடையாது. இரண்டாம் மாடி அத்தை வீட்டுக்கு ஓடி, கதவருகே செருப்பை உதறிவிட்டு, தரையில் உட்கார்ந்துதான் பார்ப்போம். நான்காம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் பாதிகூடப் பிடிபடாது. மீதியை அத்தை மகன் தன் இஷ்டத்துக்குச் சொல்லுவான். அவன் சொன்ன கதையில் பாதி தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

என்னை இழுத்தது நம்பர் ஃபைவ். சிவப்புத் தொப்பி, நீளமான ஒற்றைப் பின்னல், அதிகம் பேசமாட்டாள். ஐந்து பேரில் நிதானமும் புத்தியும் அவளுக்குத்தான். அவள் என் நிறம், ஆசிரியர் அவர்களே. கறுப்பாக இருக்கிறாளே என்று கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசிய காலம் அது. டிவியில் கறுப்புப் பெண்ணொருத்தி தலைவனுக்கு அடுத்த இடத்தில் நின்று மற்றவர்களுக்கு வழி சொல்வதை நான் பார்த்தது அங்கேதான். அந்த வருடம் நான் ஒற்றைப் பின்னல்தான் போட்டேன். இரட்டைச் சடை போட அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

அவர்களுடைய கருவிகள் எல்லாம் பலகை, வாளி, குழாய் என்று வீட்டில் கிடந்ததைக் கட்டிச் செய்தவை. நாங்களும் பிளாட் மாடிப்படிக்கு அடியில் ஒரு ‘தளம்’ போட்டோம். இறகுப்பந்து வரும் நீள அட்டைக் குழாய்தான் எங்கள் தொலைநோக்கி. மைலோ டின் இரண்டில் கயிறு கட்டிப் பேசுவோம். சண்டை வந்தால் எல்லாரும் கைதூக்கித்தான் முடிவெடுப்போம். பெரியவர்கள் யாரும் சொல்லித்தராமலே ஒரு ஒழுங்கு இருந்தது.

அடிக்கும் அந்த ரத்தக்காட்டேரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட ரோத்தான், அதாவது பிரம்பு, தொங்கும். மளிகைக் கடையில் கட்டாக வைத்து விற்பார்களே, அதுதான். அது நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்டதில்லை. சுவரில் நாள்காட்டி இருப்பதுபோல அதுவும் இருந்தது. பிள்ளையை அடிப்பவனை வில்லனாக வைத்துக் கதை சொல்ல முடியும் என்பதே எனக்கு அதிர்ச்சி. அதற்காக நான் அப்பாவை எதிர்த்துப் பேசவில்லை. என் மகளுக்கு ரோத்தான் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர் சொல் கேளாப் பிள்ளைகளை இத்தொடர் உருவாக்கும் என்கிறார் வாசகர். அதே தொடரில் சொல் தட்டாத பிள்ளைகளும் ஐந்து பேர் வருகிறார்கள். சுத்தமான உடை, வாரிய தலை, ஐவரும் ஒரே குரலில் பேசுவார்கள். என்னைப் பயமுறுத்தியவர்கள் அவர்கள்தான். அவர்களும் ஒரு காலத்தில் மரவீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்களே என்றும், இயந்திரத்தில் போட்டு அப்படி ஆக்கப்பட்டார்கள் என்றும் பிறகு தெரியவந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இத்தொடரின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. பதின்மூன்று வயது ஆனதும் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் படையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்குவதோடு விடமாட்டார்கள், நினைவையே அழித்துவிடுவார்கள். மரவீடு, சண்டைகள், கூட்டாளிகள், ஒன்றும் மிஞ்சாது.

இது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் எங்கள் உலகமே மாறும். 2005இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் எழுதினேன். ஏழு ஏ வாங்கியவர்களை மேடையில் ஏற்றினார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனேன். அத்தை மகனுக்கு மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லை; படிவம் ஒன்றுக்கு முன் ஒரு வருடம் படிக்க வேண்டிய புகுமுக வகுப்பில் அவனைப் போட்டார்கள். ஒரே பள்ளிதான், ஆனால் அவன் ஒரு வருடம் பின்னால். பெரும்பாலான பாடங்கள் மலாயில். தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காததுபோல் போனோம். ஆறு மாதத்தில் மாடிப்படி அடியில் யாரோ பழைய மெத்தையைப் போட்டுவிட்டார்கள். எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது.

அதே 2006இல் இத்தொடரை ஒட்டி ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் வந்தது. ஐவரின் தலைவனான நம்பர் ஒன்னின் அப்பா சாதுவான, சற்று அசட்டுத்தனமான மனிதர். அவர்தான் ஒரு காலத்தில் அந்தப் படையின் மாபெரும் வீரன், நம்பர் ஜீரோ! நினைவை அழித்துவிட்டதால் அவருக்கே அது தெரியாது. நினைவு திரும்பியதும் மகனோடு நின்று போராடுகிறார். எல்லாம் முடிந்த பிறகு, மகனுக்கு அப்பாவாக இருப்பதற்காக, அந்த நினைவை மறுபடியும் விட்டுக்கொடுக்கிறார். பெற்றோரை வெறுக்கச் சொல்லும் கதையா இது? என் அப்பாவுக்கும் ஒரு பிள்ளைக்காலம் இருந்திருக்கும் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியதே இதைப் பார்த்த பிறகுதான்.

அது என்ன காலம் என்று தெரிய இன்னும் பல வருடம் ஆனது. பெரியப்பாவின் கருமக்கிரியைக்குக் கெடா போயிருந்தோம். இரவு எல்லாரும் உட்கார்ந்திருக்கையில் பெரிய அத்தை ஒரு கதையை எடுத்தார். ரப்பர் தோட்டத்தில் லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளைகள், பந்து விளையாடும் திடலிலிருந்து தோட்டத்து எழுத்தரான கிராணி அவர்களைத் துரத்திவிட்டாராம். மறுநாள் அவர் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. அடுத்த நாளும் இல்லை. ஐந்து பிள்ளைகள் முறைவைத்துச் செய்திருக்கிறார்கள். தலைவன் யார் என்றால், எங்கள் வீட்டில் ரோத்தானைத் தொங்கவிட்ட மனிதர்தான்!

வாசகரின் கடிதத்தைப் படித்த அன்று மாலை அப்பா வீட்டுக்குப் போய் அதைப் பற்றிக் கேட்டேன். முதலில் “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்றார். பிறகு டிவி சத்தத்தைக் குறைத்தார். ரப்பர் மரத்துக்குப் பின்னால் யார் காவல் நின்றது, எந்தப் பறவைபோலக் குரல் கொடுத்தார்கள், வால்வைத் திருக எத்தனை நிமிடம், எல்லாம் வந்தது. என் மகள் அவர் மடியில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டாளிகளில் மூன்று பேருடைய பெயரைச் சொன்னார். காவல் நின்றவன் பெயர் மட்டும் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார், விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. “மாரி. அவன் பேரு மாரி” என்றார் அப்பா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்.