நடிப்பு வாத்தியாருக்கு

அன்புள்ள குரு சோமசுந்தரம் சார்,

வணக்கம். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருக்கிறேன். ஆண்டு விழா நாடகம் ஒவ்வொரு வருடமும் என் தலையில்தான் விழும். ‘ஜிகர்தண்டா’வில் நீங்கள் செய்த நடிப்பு வாத்தியாரைப் பற்றி உங்களுக்கே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

2014 ஆகஸ்டில் படம் வந்த முதல் வாரமே போய்விட்டேன். எங்கள் ஊர்க் கதை, எங்கள் ஊர்ப் பானத்தின் பெயர், போகாமல் இருக்க முடியுமா? ரவுடி சேதுவின் கதையைப் படமாக்க நினைக்கிற இயக்குநராக வரும் சித்தார்த், அவனை ஒளிந்து ஒளிந்து நோட்டம் விடுகிற வரைக்கும் வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் சேது தானே ஹீரோவாக நடிக்கக் கிளம்பியதும் படத்தின் இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ் கதையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

ஊரே நடுங்குகிற ஆளுக்கு நடிப்பு வரவில்லை. அதற்குத்தான் உங்களைக் கூட்டி வருகிறார்கள். அரிவாள் தூக்குகிறவர்களை நிற்க வைத்து நீங்கள் பாடம் எடுத்தபோது தியேட்டரே குலுங்கியது. உங்கள் வாத்தியாரோ அந்த வேலையை முழுசாக நம்புகிறார். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் உடம்பையும் குரலையும் பழக்கிய ஒருவரால்தான் அதை அப்படிச் செய்ய முடியும். கேலியாகச் செய்திருந்தால் வீடு வருவதற்குள் மறந்திருப்போம். இந்தியில் இதே வேடத்தை பங்கஜ் திரிபாதி செய்தார். பெரிய நடிகர்தான், ஆனாலும் எனக்கு உங்கள் வாத்தியார்தான்.

சேதுவைக் கண்டு ஊர் பயப்படுவது அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாததால். நடிக்க வந்தால் அதைத் திறந்து காட்ட வேண்டும். அழ வேண்டும், அசடு வழிய வேண்டும், இத்தனை வருடம் கட்டிக்காத்த கெத்தைக் கழற்றி வைக்க வேண்டும். கடைசியில் ஜனம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறதே, பயந்த ஊரே ரசிக்கத் தொடங்குகிறதே, அதற்கு விதை போட்டது உங்கள் வகுப்புதான். சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவுக்குச் சிறந்த துணை நடிகர் என்று தேசிய விருது அறிவித்த அன்றைக்கு வீட்டில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நாடகத்துக்கு வந்தான். அவன் வராந்தாவில் நடந்தால் மற்ற பிள்ளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள். அப்பா இறந்த செய்தி கேட்கிற மகன் வேடம் கொடுத்தேன். வசனம் தலைகீழ்ப் பாடம். அழ வேண்டிய இடம் வந்தால் மட்டும் கை சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிடும். மூன்று நாளும் அதே கதை. நாலாவது நாள் பட்டன் கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் யாரையாவது அடித்துவிடுவானோ என்று பயந்தேன். அந்த நேரத்தில் உங்கள் வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். “சரி, அந்தப் பட்டனைப் பார்த்தே சொல்லுடா” என்றேன். உள்ளங்கையை விரித்து அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமில்லை.

விழா அன்றைக்கும் அந்தப் பட்டனைத் தைக்க விடவில்லை. கையில் வைத்துக்கொண்டே மேடை ஏறினான்.

இந்த வருடமும் அவன் நாடகத்தில் இருக்கிறான். சனிக்கிழமை நாலு மணிக்கு, பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒத்திகை. மதுரைப் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள் சார்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாத்தியார்