அஜிலிட்டி பார்க்கப்போகிறவர்களுக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டி போட்டியை, அதாவது நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் பந்தயத்தை, யூடியூபில் பார்க்கப்போகிறீர்களா? இதைப் படித்துவிடுங்கள்.

1978-ல் லண்டனில் இதே கண்காட்சியின் இடைவேளையில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியின் பாணியில் செய்துகாட்டிய விளையாட்டு இது. நாய்க்குக் கயிறு கிடையாது. தொடக்கூடாது, தீனி காட்டக்கூடாது. குரலும் கையசைவும்தான். தடைகளின் வரிசை நாய்க்குத் தெரியாது. கூட ஓடுபவர்தான் முன்கூட்டியே தடத்தில் நடந்து மனப்பாடம் செய்திருப்பார்.

நாய் வளைந்து வளைந்து ஓடும் கம்பங்களைக் கவனியுங்கள். முதல் கம்பம் அதன் இடது தோள் பக்கம் இருக்கவேண்டும். அவ்வளவு வேகத்தில் வந்து சரியாக நுழைவது அசாத்தியத் திறமை!

அப்புறம், ஏறி இறங்கும் பலகைகளின் அடிப்பகுதியில் வேறு நிறம் இருக்கும். அதில் பாதம் படாமல் குதித்தால் 5 தவறுப் புள்ளி. நாய்க்கு அடிபடாமல் இருக்க வைத்த விதி, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். தவறு குறைந்தவருக்கே முதலிடம். சமமானால் நேரம் பார்ப்பார்கள்.