‘கின்டாமா’ வெறும் கேலிக்கூத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானிய அனிமே (அசைவூட்ட) தொடர்களைப் பற்றித் தங்கள் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரை, ‘கின்டாமா’வின் முதல் பருவத்தைத் தலையும் வாலும் இல்லாத கேலிக்கூத்து என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அந்த எண்ணம் எங்கிருந்து எழுந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. 2006 ஏப்ரலில் தொடங்கி 49 அத்தியாயங்கள் ஒளிபரப்பான அப்பருவத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் ஹிடேயாகி சொராச்சியின் மூல மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) இல்லாதவை. மங்காவை ஏற்கெனவே படித்தவர்களை மகிழ்விக்க எடுக்கப்பட்டவை போல, அறிமுகம் ஏதுமின்றிப் பாத்திரங்கள் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போகின்றன. கதை முறையாகத் தொடங்குவது மூன்றாம் அத்தியாயத்தில்தான்.

அமாந்தோ எனப்படும் வேற்றுக்கிரகவாசிகள் எடோ நகரில் (இன்றைய டோக்கியோவில்) விண்கலங்களில் வந்திறங்கி ஆதிக்கம் செலுத்த, வாளேந்தும் உரிமையை இழந்த சாமுராய்கள் பிழைப்புக்கு அலைகிறார்கள் என்பதே கதைக்களம். 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் எடோ விரிகுடாவின் வாயிலில் வந்து நின்றதையும், 1876இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்ததையும் அறிந்தவர்களுக்கு, அந்த விண்கலங்கள் எவற்றின் நிழல் என்பது உடனே விளங்கும். ஷோகன் ஆட்சியைக் காக்கப் போராடிய ஷின்செங்குமி படையின் துணைத்தலைவராக வாழ்ந்த ஹிஜிகாட்டா தோஷிசோ, இங்கே மயோனைசுக்கு அடிமையான தோஷிரோ ஆகிறார். கட்சுரா கொகோரோ என்ற புரட்சியாளர் கொத்தாரோ ஆகி, எலிசபெத் என்னும் விசித்திரப் பிராணியுடன் திரிகிறார். நாயகனின் பெயரோ, நாட்டுப்புறக் கதைகளின் வீரன் சகாட்டா கின்டோகியின் பெயரில் உள்ள பொன்னை வெள்ளியாக மாற்றிச் செய்த குறும்பு. ஜப்பானிய மொழியில் பொன் ‘kin’, வெள்ளி ‘gin’; முதலெழுத்தின் ஒலிப்பு மட்டும் மாறும் அந்த வேடிக்கை, இரண்டையும் ‘கி’ என்றே எழுத வேண்டிய தமிழில் காணாமல் போய்விடுவது நமக்கு ஒரு நட்டம்தான்.

எல்லா அத்தியாயங்களும் ஒரே தரம் என்று நான் வாதிடவில்லை. சில வெறும் கூச்சலாகவே முடிகின்றன. ஆனால் 40ஆம் அத்தியாயத்தில், நாயகனுடன் வாழும் வேற்றுக்கிரகச் சிறுமி காகுராவின் தந்தை மகளை அழைத்துச் செல்ல வந்து நிற்கும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு, பெரும்பசிக்காரியான அந்தச் சிறுமி தன் இனத்தின் போர்வெறியை அஞ்சி ஓடிவந்தவள் என்பது உறைக்கிறது. இதைத் தலையும் வாலும் இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

இத்தகைய தொடர்களை அறிமுகப்படுத்தும்போது அவற்றின் வரலாற்றுப் பின்னணியைச் சில வரிகளிலாவது தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து மீண்டும் பார்த்து எழுதுவாரானால், அப்போதும் அவருக்குப் பிடிக்காமல் போனாலும், அதைப் படிக்க ஆவலாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்