ஸ்குவாட் போட்டிக்கு எதற்கு முப்பது வயது வரம்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மதுரையில் ஒரு தனியார் அமைப்பு பிஜிஎம்ஐ ஸ்குவாட் போட்டி நடத்தியது. பிஜிஎம்ஐ என்பது போனில் பல அணிகள் ஒரே இடத்தில் இறங்கி, கடைசிவரை யார் தாக்குப்பிடிப்பது என்று சுட்டு ஆடும் ஆட்டம்; ஸ்குவாட் என்றால் நாலு பேர் ஓர் அணி. நாங்கள் நாலு பேர் பெயர் கொடுத்தோம். மூன்று பேருக்குச் சரி என்று உடனே பதில் வந்துவிட்டது. என்னை மட்டும், "16 முதல் 30 வயது வரைதான்" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். எனக்கு 53 வயது. நோட்டீஸில் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "இந்த வயசுல ரியாக்‌ஷன் வராதும்மா, உங்க டீமுக்குத்தான் நஷ்டம்" என்றார் பேசிய தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லவே எழுதுகிறேன்.

பழங்காநத்தத்தில் 26 வருடம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவள் நான். ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்-இல் தொடங்கி லோயர், ஹையர் வரை எத்தனையோ பிள்ளைகளை உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறேன். 2020 ஊரடங்கில் மெஷின்களுக்கு உறை போட்டு மூடியதுதான், மறுபடி திறக்க முடியவில்லை. காலை ஆறு மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனதும் வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது. சும்மா இருக்கும்போது விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது, எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் தங்கை மகன் என் போனில் இறக்கி ஆடினான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாரத்தில் நானும் ஆடத் தொடங்கிவிட்டேன்.

வயது ஆக ஆகக் கை மெதுவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. நானும் தங்கை மகனும் வீட்டிலேயே அளந்து பார்த்தோம். 30 செ.மீ. ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட வேண்டும், கீழே விரல் வைத்திருப்பவர் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான், விழுந்த தூரத்திலிருந்து நேரம் கணக்கிடலாம். அவன் 15 செ.மீ.யில் பிடித்தான், நான் 24-இல். அதாவது அவனுக்கு ஏறத்தாழ 175 மில்லி செகண்ட், எனக்கு 220. வித்தியாசம் சுமார் 45. எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆடினால் பிங் (இணையத்தில் ஆகும் தாமதம், அதுவும் மில்லி செகண்டில்தான்) 40 காட்டும், அடுப்படிப் பக்கம் வந்தால் 90. முப்பது வயது வித்தியாசம் என்னிடமிருந்து பிடுங்கியதைவிட, மாடிப்படி இறங்கினால் போவது அதிகம்!

சரி, அந்த 45-ம் ஆட்டத்தில் வலிக்கத்தான் செய்கிறது. எதிரெதிரே வந்து ஒண்டிக்கு ஒண்டி சுட்டுக்கொண்டால் பத்துக்கு ஏழு தடவை நான்தான் விழுவேன்.

பையன்கள் அடிக்கடி சொல்வது, "24 வயசோட முடிஞ்சுது" என்று. அது சும்மா கிளம்பிய பேச்சில்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வந்த ஆய்வு அது. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி ஆட்டம் ஆடும் 3,305 பேரை எடுத்துப் பார்த்தார்கள், 16 முதல் 44 வயது வரை. திரையில் ஒன்றைக் கண்டு கை செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே குறைய ஆரம்பிக்கிறது. ஆனால் அதே ஆய்வில், வயது கூடியவர்கள் எளிய வியூகம் வகுத்தும், ஆட்டத்தில் உள்ள குறுக்கு வழிகளைத் திறம்படப் பயன்படுத்தியும் அந்தக் குறையை ஈடுகட்டுவதாகத் தெரிகிறது என்றும் இருக்கிறது. அந்தப் பாதி மதுரை வரைக்கும் வந்து சேரவில்லை.

எனக்கு மனதில் நிற்பது இன்னும் பழைய ஆய்வு. என் தொழிலைப் பற்றியது. திமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல், 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை ஆராய்ந்தார். எழுத்தைக் கண்டதும் விசையை அழுத்து என்று தனியாக வைத்த சோதனையில் வயதானவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னபோது வேகம் குறையவில்லை. காரணம், அவர்களுடைய கண் விரலைவிட அதிக எழுத்துகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருப்பதைக் காட்டாமல் மறைத்தால் அந்த வேகமும் போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 26 வருடம் நான் பிள்ளைகளிடம் சொன்ன ஒரே வாக்கியம், "விரலைப் பார்க்காதே, அடுத்த சொல்லைப் பார்."

ஸ்குவாட் ஆட்டத்தில் நான் செய்வதும் அதுதான். ஆட்டத் தொடக்கத்தில் விமானத்திலிருந்து குதிக்கும்போதே யார் யார் போச்சிங்கி என்ற ஊர்ப் பக்கம் இறங்குகிறார்கள் என்று எண்ணிவிடுவேன். ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் உள்ளே ஆள் வந்திருக்கிறான். ஆட்டம் தொடங்கும்போது கதவுகள் எல்லாம் சாத்தித்தான் இருக்கும். ஆட்டத்தின் எல்லையான வட்டம் சுருங்கப் போகிறது என்றால் கடைசி நிமிடத்தில் ஓடக் கூடாது, முன்பே மேட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். எங்கே போவது, எப்போது போவது என்று சொல்வது நான். பையன்கள் இதை ஐஜிஎல் (இன்-கேம் லீடர், ஆட்டத்துக்குள் அணித் தலைவர்) என்பார்கள். "பெரியம்மா, இப்ப போலாமா?" என்று அவன் கேட்பான், வேண்டாம் என்றால் நிற்பான். நான் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எங்கள் அணி கடைசிப் பத்துக்குள் வர ஆரம்பித்தது.

பாலமேட்டில் என் பெரியப்பா அந்தக் காலத்தில் மாடு பிடித்தவர். கால் தளர்ந்த பிறகும் பொங்கலுக்கு வாடிவாசல் பக்கம் நின்று, காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்புவதற்கு முன்பே சொல்லுவார். இளவட்டங்கள் அவர் பேச்சைக் கேட்டுத்தான் பாய்வார்கள். அவரை யாரும் வயதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுடுவதற்கு முன் நான் ஒரு கணம் தயங்குவேன், நம் ஆளா எதிரியா என்று. இது மூளை மந்தமாவது என்றே நினைத்திருந்தேன். 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 12 லட்சம் பேரின் தரவை வைத்துச் சொன்னது வேறு. இருபதுக்குப் பிறகு பதில் தாமதமாவதற்குக் காரணம், தப்பு வரக் கூடாது என்ற எச்சரிக்கை கூடுவதும், கை கால் அசைவு மெதுவாவதும்தானாம். யோசிக்கும் வேகம் 60 வயது வரை பெரிதாகக் குறையவில்லை. அது தெரிந்த பிறகு கிட்டத்தில் ஆள் வந்தால் தயங்காமல் சுடப் பழகிக்கொண்டேன்.

உடம்புக்காகவும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். வெள்ளெழுத்து வந்ததால் போன் பிடிக்கும் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி. சுடும் பொத்தானைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அடியில் வலி வரும், அதனால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. காலடிச் சத்தத்தை நம்பி ஆடுகிறேன். கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதில் விழுவதற்குக் கை சற்று முன்னதாகவே பதில் சொல்லும், இது எல்லா வயதினருக்கும் பொது.

காசு வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி நான் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அவற்றைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்திருக்கிறது. அங்கீகாரம் வந்த விளையாட்டுக்கு ஒழுங்கான விதிகளும் வேண்டும். தடகளத்தில் 35 வயதிலிருந்தே மூத்தோர் பிரிவு இருக்கிறது. ஒண்டிக்கு ஒண்டி ஆட்டத்துக்கு அப்படிப் பிரித்தால் நியாயம் என்றே சொல்வேன். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஆடும் ஸ்குவாட்டுக்கு மேல் வயது வரம்பு எதற்கு? தோற்றால் அந்த அணிதானே தோற்கப் போகிறது. அப்படியும் வரம்பு வைத்தே தீருவோம் என்றால் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.

மதுரையிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பொங்கல் விடுமுறையில் அடுத்த போட்டி என்று பேச்சு. அதே நாலு பேர்தான் பெயர் கொடுக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
தட்டச்சு ஆசிரியை ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.