வீக்கத்தைத் தொடங்கி வைப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில், மழைக்காலக் கால்புண்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தேங்கிய நீரில் இறங்கி நடந்தே தீர வேண்டிய சென்னைவாசிகளுக்குத் தேவையான செய்திதான். ஆனால், கிருமி நுழைந்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் பாய்ந்து வந்து போரிடுகின்றன என்றும், அந்தப் போரின் சேதமே வீக்கம் என்றும் எழுதியிருப்பது நிகழ்வின் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

முதலில் விழித்துக்கொள்பவை, தோலுக்கடியில் முன்பே குடியிருக்கும், வெள்ளை அணுக்களின் குலத்தைச் சேர்ந்த மாஸ்ட் செல்களும் மேக்ரோஃபேஜ்களும்தாம். ஆணி குத்திய இடத்தில் மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் சிவந்து சூடேறுகிறது. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிவதால் அவ்விடம் வீங்குகிறது. கிருமியை அடையாளம் கண்ட மேக்ரோஃபேஜ்கள் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்க, குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ரத்தத்தோடு விரைந்துகொண்டிருந்த நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் அதன்மேல் உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டிக்கொண்டு, சுவரின் இடுக்கில் நெளிந்து வெளியேறிக் காயத்தை அடைகின்றன. நாம் அருவருக்கும் சீழில் பெரும்பகுதி, அங்கே மடிந்த இந்த நியூட்ரோபில்களே.

1882-இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற லார்வாவுக்குள் ரஷ்ய விலங்கியலாளர் எலீ மெச்னிகாஃப் முள்ளைச் செருகினார். மறுநாள் அதைச் சுற்றி அலையும் செல்கள் திரண்டிருந்தன. அந்த லார்வாவுக்கு ரத்தக் குழாய்களே கிடையாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது; திரண்டவை ரத்தத்திலிருந்து பாய்ந்து வந்தவை அல்ல, உடலுக்குள் முன்பே இருந்தவை. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீக்கம் போரின் சேதமல்ல, காவலின் தொடக்கம். ஆகவே, 'வீக்கம் கண்டவுடன் அடக்கிவிட வேண்டும்' என்ற கட்டுரையின் அறிவுரை எனக்குக் கவலையளிக்கிறது. முடக்குவாதம் போன்ற நோய்களில் அழற்சியை, அதாவது சிவப்பும் சூடும் வீக்கமும் சேர்ந்த இந்த எதிர்வினையை, அடக்கத்தான் வேண்டும். அது மருத்துவர் முடிவு செய்வது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையோ, நியூட்ரோபில்கள் குழாயை விட்டு வெளியேறுவதையே தடுக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் அவற்றின் எண்ணிக்கை கூடித் தெரியும்; காயத்திலோ ஆள் குறைவு.

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு செய்தி: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயில் நியூட்ரோபில்களின் திறன் குன்றுகிறது, பாதத்தில் உணர்ச்சியும் மங்கிவிடுகிறது. அத்தகையோர், சிவக்கவில்லை, வலிக்கவில்லை என்று காத்திராமல் புண்ணை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை அடுத்த இதழிலாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.