பஸ் டிக்கெட் வைத்த பக்கம்

அன்புள்ள பாப்பா,

வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொன்னதால் போன மாதம் பீரோவை முழுக்கக் காலி செய்தேன். அடித்தட்டில் என் கூறைப்புடவைக்குக் கீழே உன் புத்தகம் கிடந்தது. உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 2 மாதம் இருக்கும்போது உன் கையிலிருந்து வாங்கி நான் உள்ளே வைத்துப் பூட்டியது. பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன். நீ கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன். 16 வருஷம்.

இந்தத் தடவை பூட்டாமல் படித்துவிட்டேன். 9 நாள் ஆயிற்று. 30 வருஷம் பேரேடு எழுதியவளுக்கு ஆங்கிலம் தெரியும், மந்திரவாதிகளின் ஆங்கிலம் தெரியாது. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். 'ஓடாக்' என்ற சொல்லை அரை மணி நேரம் தேடியிருப்பேன். அப்புறம்தான் புரிந்தது, அது அந்த அம்மாள் தானே உண்டாக்கிய பிராணி!

1968-இல் வந்த புத்தகமாம். வளர்ந்த பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டிருக்கிறார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத்தாடிக் கிழவர்கள். அவர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது எங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள் என்று லெ குவின் யோசித்திருக்கிறார். அப்படிப் பிறந்தவன்தான் கெட்.

நீ அதில் எதைப் பார்த்து மயங்கியிருப்பாய் என்று தெரிகிறது. கடல், தீவுகள், ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்கூடம். எனக்கோ முதல் அத்தியாயத்தைத் தாண்டவே மனசு வரவில்லை. கெட்டுக்கு ஒரு வயது ஆவதற்குள் அம்மா போய்விடுகிறாள். அம்மாவின் சகோதரி ஒருத்தி அதே ஊரில் இருக்கிறாள், கிராமத்து மந்திரக்காரி. ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று முடித்துவிட்டார்கள். பெரியம்மாவா சித்தியா என்று தெரியவே இல்லை. நான் சித்தி என்று வைத்துக்கொண்டேன். கூரைமேல் ஏறிய ஆட்டை அவள் ஏதோ சொல்லி இறக்குகிறாள். 7 வயதுப் பையன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு மறுநாள் மலையில் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் அத்தனையும் வந்து அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, விலகுவேனா என்கின்றன. ஊரே சிரிக்கிறது. சித்தி சிரிக்கவில்லை.

அவனைத் தன் குடிசைக்குக் கூட்டிப் போகிறாள். கற்றுக்கொடுக்கும் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அவன் பேச்சை மந்திரத்தால் கட்டிப் பார்க்கிறாள். பேச்சு நிற்கிறது, ஆனால் பையன் சிரிக்கிறான். அப்போதுதான் அவளுக்குள் பயம் வருகிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்து நீ இதைப் படித்துக்கொண்டிருந்தாயே, அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன், உன் காதில் விழவில்லை. நீ போயிருந்த இடத்துக்கு எனக்கு வழி தெரியாது.

சித்தி தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். வானத்துப் பருந்தைக் கீழே இறக்கும் சொல்லும் அவள் கொடுத்ததுதான். அப்புறம் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி வந்து பையனைக் கூட்டிப் போகிறார், சித்தியின் கதை அதோடு சரி. அந்த உலகத்தில் பெயர்தான் எல்லாம். ஒருவரின் மெய்ப்பெயர் தெரிந்தால் அவர் உன் கைக்குள். அப்படிப்பட்ட புத்தகத்தில் இவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை! பெண்களின் மந்திரம் பலவீனமானது என்று அந்த ஊரில் பழமொழி வேறு. ரோக் பள்ளியில் பையன்கள் மட்டும்தான். இத்தனையும் எழுதியவர் மூன்று பிள்ளை பெற்ற பெண். அவருக்கே பிறகு உறுத்தியிருக்க வேண்டும். 1990-இல் 'தெஹானு' என்று இதே வரிசையில் நாலாவது புத்தகம் எழுதி, ஒரு விதவையையும் தீயில் வெந்த ஒரு சிறுமியையும் நடுவில் வைத்திருக்கிறார். அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

(மெய்ப்பெயர் விஷயம் உன் பாட்டிக்குச் சட்டென்று புரிந்திருக்கும். ரேஷன் கடையில் தாத்தாவின் பெயர் கேட்டால் என்னைப் பிடித்து முன்னால் தள்ளுவார்.)

ஓகியனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையை விரட்டத் தெரிந்தவர், மழை பெய்கிற இடத்தில் பெய்யட்டும் என்று ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். பாடம் எப்போது ஆரம்பம் என்று பையன் பறக்கிறான், ஆரம்பித்தாயிற்று என்கிறார். அந்த நிதானம் அவனுக்குப் போதவில்லை. ரோக்குக்குப் போகிறாயா, என்னோடு இருக்கிறாயா, நீயே சொல் என்று கேட்கிறார். போகிறேன் என்கிறான். அனுப்பி வைக்கிறார், அவ்வளவுதான். வேலை கிடைத்த கடிதத்தை நீ காட்டிய இரவு நான் 3 மணி நேரம் பேசினேன், உனக்கு நினைவிருக்கும்.

இனி அந்த டிக்கெட். டவுன் பஸ் டிக்கெட், மை முழுக்க மங்கிவிட்டது. நாலாவது அத்தியாயத்தில் வைத்திருந்தாய். வீம்புக்குச் செத்தவளை எழுப்பப் போய், இருட்டில் கிழிசல் விழுந்து, உள்ளேயிருந்து நிழல் ஒன்று பாய்ந்து கெட்டின் முகத்தைக் கிழிக்கிறதே, அந்தப் பக்கம். அங்கேயா பிடுங்கினேன்! நிழலை அவிழ்த்துவிட்ட இடத்தில் 15 வயதுப் பெண்ணை நிறுத்திவிட்டு, போய்க் கணக்குப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

மீதியை நீ எங்காவது நூலகத்தில் படித்திருக்கலாம். படிக்கவில்லை என்றால், முடிவை நான் சொல்லப் போவதில்லை. முதல் அத்தியாயத்தில் ஊர்மேல் ஒரு படை வந்து போவதோடு சரி. பெரிய யுத்தம் வரும் என்று கடைசிவரை காத்திருந்தேன், வரவில்லை. வெட்டிச் சாய்க்க ஒரு அரக்க ராஜாவும் கிடையாது. பயம் எல்லாம் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது, அதோடு அவன் கடலில் அலைகிறான். இன்னொன்று, உன் டிக்கெட்டுக்குச் சில பக்கம் தள்ளி, அதே அத்தியாயத்தில் வருகிறது. எல்லாம் போய், தலை குனிந்து நிற்கும் கெட்டிடம் அவனுடைய கறுத்த நண்பன் வெட்ச் தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். கேட்காமலே சொல்கிறான். அங்கே அழுதுவிட்டேன்.

புத்தகத்தைப் பார்சலில் போட்டாயிற்று. அட்டை ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, பாச்சை உருண்டை வாசனை வேறு. அங்கே வெயில் வந்தால் கொஞ்சம் காட்டு. டிக்கெட்டை எடுக்கவில்லை, அதே பக்கத்தில்தான் இருக்கிறது. படித்து முடிக்கிறவரை ஃபோனில் இந்தப் பேச்சை எடுக்காதே. என் வாய் சும்மா இருக்காது.

அம்மா