கோவை குடியிருப்போர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 11 முறை கூடியது. மூன்றாவது வீதிச் சாக்கடை தூர்வாரி முடிந்தது. 6 தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. பூங்கா வேலை இன்னும் பாக்கி. இவற்றைவிட ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் இரண்டாவது வீதி மாடி வீட்டுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அந்த அம்மா ஆசிரியை. வீடு பிடித்துப்போய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். ஆதார் நகலில் முஸ்லிம் பெயரைப் பார்த்ததும், "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று வீட்டுக்காரரிடமிருந்து பணம் திரும்பி வந்தது. மறுநாள் காலை அதே 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் தொங்கியது. அவர் என்னிடம் வந்து, "சார், நான் இந்த ஊர்லயே பொறந்தவன். எங்க போய் வீடு பாக்கறதுங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் பேசினேன். "தொண்ணூத்தெட்டுல ஆர்.எஸ்.புரத்துல இருந்தவன் நான்" என்றார். அந்தப் பயம் பொய்யில்லை. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதைச் செய்தது அல்-உம்மா என்ற தீவிரவாத அமைப்பு. 2007இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் என்றது. கோவையில் வாழும் அத்தனை முஸ்லிம்களையும் அல்ல. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, ஒரு காவலர் கொலையானதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்காக நம் இந்துப் பிள்ளைகள் வீடு கேட்டுப் போனால் யாராவது ஆதாரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்களா?

2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்ததும், முஸ்லிம் ஜமாத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவர்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் அவர்கள்தான் வந்து நின்று நாங்கள் அப்படியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

அப்புறம் மார்ச்சில் நடந்தது. "ராத்திரி 3 மணிக்கு நாலாவது வீதி வீட்டுல லைட் எரியுது, ஆளுங்க வர்றாங்க போறாங்க" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டோவோடு போட்டார். காலைக்குள் 40 பதில்கள். போலீசுக்கும் போன் போய்விட்டது. காவலர் வந்து கதவைத் தட்டியபோது அந்த வீட்டுப் பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். நோன்பு மாதம், நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீதியிலிருந்து மகன்கள் வந்து போயிருக்கிறார்கள். அவ்வளவுதான். செய்தியை நான் இரவே பார்த்தேன். "நோன்புங்க, விடுங்க" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. அது என் தவறு. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், போட்டோ போட்டவரும் உடன் வந்தார்.

இனி யார் மேலாவது சந்தேகம் இருந்தால் குழுவில் போடாமல் முதலில் செயலாளருக்குப் போன் செய்ய வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. நமது வாடகைதாரர் விவரப் படிவத்தில் இருந்த 'மதம்' என்ற கட்டமும் எடுக்கப்பட்டுவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு நம் பகுதியில் கடைசிவரை வீடு கிடைக்கவில்லை, இப்போது போத்தனூரில் இருக்கிறார். வேறு வீடு காலியானால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள்.

புதிய படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்